முகூர்த்தப் பாவு

அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இழுத்தது, உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான் என்று ஆதிலட்சுமி தனக்குள் சொல்லிக்கொண்டாள், விடிவதற்கு முன்னால் பாயில் சம்மணம் போட்டவள், இடுப்புக்குக் கீழே இருப்பது தன்னுடைய காலா மரக்கட்டையா என்றே தெரியவில்லை, இதில் வயிறு வேறு... ராத்திரி தின்ற கருவாடா, இல்லை, கருவாடு இப்படி இழுக்காது, இது வேறு இழுப்பு, தெரிந்த இழுப்பு, ஆனால் அது எப்படி வரும், அதுதான் தை மாதத்தோடு நின்றுவிட்டதே. தை போய் மாசி போய் இப்போது ஆவணி. நின்றது நின்றதுதான் என்று நினைத்து வீட்டில் வைத்திருந்த பழைய துணிகளைக்கூடக் கிழித்து அடுப்படிக்குப் போட்டாயிற்று. விரல்கள் நிற்கவில்லை. தறியில் நீளவாக்கில் மிச்சம் இருக்கிற பழைய பாவின் இழை ஒன்று, நீட்டிக் கட்டியிருக்கிற புதுப் பாவின் இழை ஒன்று, இரண்டையும் சேர்த்துச் சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு, அடுத்தது. பாவு பிணைக்கிற வேலையில் புத்தி தேவையில்லை, அது பாட்டுக்கு ஊர் சுற்றலாம், கை மட்டும் இங்கே இருந்தால் போதும். ஆனால் இன்றைக்குப் புத்தி எங்கேயும் போக மாட்டேன் என்கிறது, வயிற்றிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

வேறு பாவாக இருந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இது முகூர்த்தப் பாவு. இந்த வீட்டுக்காரர் இராஜமாணிக்கத்தின் சின்னப் பெண் சங்கீதாவுக்கு, அவள் கழுத்தில் தாலி ஏறும்போது கட்டப்போகிற புடவை இதிலிருந்துதான் இறங்கப் போகிறது. முகூர்த்தப் பாவில் கை வைத்தால் நடுப்பாகம் எட்டுகிற வரைக்கும் எழக் கூடாது, நடுவில் கற்பூரம் காட்டின பிறகுதான் எழலாம், மீதிப் பாதி மறுநாள் காலையில், இது இந்த வீட்டு வழக்கம். யார் வைத்த வழக்கம், எதற்கு வைத்தது, கேட்டால் சங்கீதாவின் அம்மா செல்லம்மாளுக்கும் தெரியாது, அவள் மாமியார் சொன்னது, மாமியாருக்கு அவள் மாமியார் சொன்னது, யாரோ ஒருத்திக்கு அன்றைக்குக் கொல்லைக்குப் போகச் சோம்பேறித்தனமாக இருந்திருக்கும். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் நடுவை எட்டிவிட வேண்டும். சுவரில் பல்லி சொன்னால் செல்லம்மாள் அடுப்படியிலிருந்தே தரையை மூன்று தட்டு தட்டுகிறாள். யாரோ தும்மினால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடரச் சொல்கிறாள். இதையெல்லாம் ஆதிலட்சுமி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டுதான் இருந்தாள், வயிறு இழுக்கிற வரைக்கும்.

அப்புறம் தெரிந்தது. தெரியாமல் போகுமா, நாற்பது வருஷம் கொஞ்சம் குறைய இதோடு குடித்தனம் பண்ணியவளுக்கு. தொடைக்குள் சூடாக ஒன்று நகர்ந்தது. விரல் ஒரு இழையில் நின்றது, பிறகு முறுக்கியது. இப்போது என்ன செய்வது... எழுந்து சொல்வதா, என்னவென்று சொல்வது, அக்கா, நின்னுபோச்சுன்னு சொன்னேன், வந்துடுச்சு என்றா? இந்த வேலையே நின்றுபோனதால் வந்தது. போன வருஷம் இதே வீட்டின் மூத்த பெண்ணுக்குப் பாவு பிணைத்தவள் கலையரசி, சின்ன வயசுக்காரி, கை என்னவோ மின்சாரம் மாதிரிப் போகும். அந்த மூத்த பெண் புருஷன் வீட்டில் ஆறு மாதம் இருக்கவில்லை, கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினாள். குடித்துவிட்டு உடைத்தவன் அவன். செல்லம்மாள் அவனைத் தேடிப் போகவில்லை, காரணத்தைத் தேடிப் போனாள், தேடித் தேடிக் கடைசியில் பாவில் வந்து நின்றாள், அன்றைக்குக் கலையரசி தூரமாக இருந்திருக்கிறாள், மறைத்துவிட்டாள் என்று. இருந்தாளா இல்லையா, யார் கண்டது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கலையரசியைக் கூப்பிடுவதில்லை, போளூரில் துணிக்கடையில் நிற்கிறாள் என்று பேச்சு. அப்புறம்தான் செல்லம்மாள் ஆதிலட்சுமி வீட்டு வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, அதுவும் நின்றுபோய்விட்டது, உன்னை மாதிரி ஒருத்தி எங்கே கிடைப்பாள் என்றாள். பார்க்கப்போனால், உடம்பு கிழடு தட்டியதற்குக் கிடைத்த மரியாதை. சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே சரி என்றாள். அந்த ஒரு சரிக்குப் பின்னால் தெருவே கூப்பிட ஆரம்பித்தது, முகூர்த்தப் பாவு என்றால் ஆதிலட்சுமி, கைராசிக்காரி, அவள் கை பட்டால் போதும். அதே கைதான். தையில் நிற்பதற்கு முன்னாலும் இதே கைதான்.

அம்மா நினைவு வந்தது, வெம்பாக்கம் பக்கம் நாற்று நடப் போவாள், முட்டிக்கு மேலே சேறு, புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்தால், அதில் இரண்டு பேருக்காவது அன்றைக்கு இருக்கும், யாராவது கேட்டார்களா, வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் ஒருநாளாவது கேட்டாரா, யார் தூரம், யார் சுத்தம், கரை ஏறுங்கள் என்று? கேட்டால் நடவு நின்றுபோகுமே. அந்த நெல்தான் அறுத்து அடித்துக் கோயிலுக்குப் படியளந்தது, அந்த அரிசியில்தான் பொங்கல் வைத்தார்கள், சாமி முகம் சுளித்ததாக ஒரு தகவலும் இல்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் தீட்டு இல்லை, ஆள் கிடைத்துவிட்டால் தீட்டு. இதையெல்லாம் சஸ்மிதாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சஸ்மிதா இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், அதே பாயின் அந்த ஓரத்தில், புதுப் பாவிலிருந்து இழை இழையாகப் பிரித்து ஆதிலட்சுமியின் விரலுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டு. ஒரிசாக்காரப் பெண், புருஷன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான், ஆதிலட்சுமியின் புருஷன் காத்தவராயனும் அதே ஆலைதான். மற்ற நாட்களில் இந்த வீட்டில் ராட்டினத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றுகிறாள், மூன்று தறிக்கும் குறுக்கே ஓடுகிற ஊடைநூல் அவள் கையிலிருந்துதான் போகிறது.

அவள் சொன்ன கதை ஒன்று. அவர்கள் ஊரில் ஆனி மாதம் மழை இறங்குவதற்கு முன்னால் பூமிக்கே வருமாம். மண்ணுக்கு! மூன்று நாள் ஏர் கட்ட மாட்டார்கள், மண்வெட்டி வைக்க மாட்டார்கள், செடிகூடப் பிடுங்கக் கூடாது, வலிக்குமாம். மரத்துக்கு மரம் ஊஞ்சல் கட்டி, பெண்கள் புதுத்துணி போட்டுக்கொண்டு, பணியாரம் தின்றுகொண்டு, ஆடிகினே இருப்பாங்க அக்கா என்றாள், வந்த ஒரு வருஷத்தில் ஊர்ப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது அவளுக்கு. அப்படின்னா உங்க ஊர்ல பொம்பளைக்குக் கொண்டாட்டம்தான் என்று ஆதிலட்சுமி கேட்டதற்கு, அவள் ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மண்ணுக்குத்தான் ஊஞ்சல் அக்கா, எனக்கு மாட்டுக் கொட்டாய். மாமியார் அடுப்படியில் கால் வைக்க விடமாட்டாளாம். ஆரணியிலேயே நூல் முறுக்குகிற இடத்தில் ஒரு பாய் வீட்டம்மா இருக்கிறாள், எங்களுக்கு அப்போ தொழுகை கிடையாது, நோன்பு கிடையாது, ஆனா சோறு மட்டும் நாங்கதான் ஆக்கணும் என்பாள். ஆளுக்கு ஒரு கணக்கு. ஊருக்கு ஒரு சாமி, சாமிக்கு ஒரு பயம். இங்கே ஆந்தை கத்தினால் கல்லால் அடிக்கிறார்கள், சஸ்மிதா புருஷனோடு வேலை செய்கிற வங்காளத்தான் ஆலைக் கூரையில் உட்கார்ந்த ஆந்தையைப் பார்த்துக் கும்பிட்டு லட்சுமி வந்திருக்கிறாள் என்றானாம். ஆந்தைக்கு இரண்டும் தெரியாது. அதற்கு எலி வேண்டும், அவ்வளவுதான்... இப்படியெல்லாம் யோசித்தால் தைரியம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நியாயம் எல்லாம் மண்டையில் இருக்கிறது, பயம் விரலில் இருக்கிறது. ஒவ்வொரு இழையையும் முறுக்கும்போது இது அந்தப் பெண் கழுத்துக்குப் போகிறது, இது அந்தப் பெண் இடுப்புக்குப் போகிறது என்று ஓடுகிறது. மூத்தவளின் மாவுக்கட்டு கண்ணில் நிற்கிறது. ச்சீ, என்ன புத்தி இது. கலையரசி சுத்தமாக இருந்திருந்தால் அவன் குடிக்காமல் இருந்திருப்பானா?

காலையில் செல்லம்மாள் கேட்ட கேள்விகள் ஞாபகம் வந்தன. சஸ்மிதாவை வாசலிலேயே நிறுத்தி, தலைக்குக் குளித்தாயா, மாமிசம் தின்றாயா, தூரமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள். ஆதிலட்சுமியை ஒன்றும் கேட்கவில்லை. வா ஆதி என்றாள், பாயைத் தட்டிப் போட்டாள். கருவாடு தின்றவள் ஆதிலட்சுமி.

இடது கால் முழுக்க மரத்துவிட்டது. இனிமேல் முடியாது என்று ஒரு கையை ஊன்றி வலப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தாள். நகர்ந்த பிறகுதான் உறைத்தது, என்ன செய்துவிட்டோம் என்று. கட்டியிருந்தது அரக்குப் புடவை, அதில் தெரியாது. பாய் வெளுத்த கோரைப்பாய். திரும்பிப் பார்க்கப் பயந்து சஸ்மிதாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் கீழே பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தோளில் கிடந்த துப்பட்டாவின் முனையை இழுத்து அந்த இடத்தின் மேல் போட்டுக்கொண்டு அடுத்த இழையை எடுத்து நீட்டினாள். ஆதிலட்சுமிக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரு விரற்கடை அகலம்தான் நடுவுக்கு, அப்புறம் கற்பூரம், அப்புறம் எழுந்துவிடலாம், பாயை இவளே சுருட்டிக்கொள்வாள், சொல்லிக்கொள்ளலாம், போகிற வழியில் பேசிக்கொள்ளலாம், நல்ல பெண், பெற்ற பிள்ளைகூடச் செய்யாது... விரல் வேகம் பிடித்தது.

செல்லம்மாள் தட்டோடு வந்தாள். எவ்வளவு ஆச்சு ஆதி, ஜல்தியா முடி, ராகு காலம் நெருங்குது என்றபடியே குனிந்து பாவைப் பார்த்தாள், கண் பாவிலிருந்து பாய்க்கு இறங்கியது. தூசு ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். துப்பட்டா தரையில் அப்படி விரிந்து கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாடி மறைக்கிற? எடு அத."

சஸ்மிதா எடுக்கவில்லை. செல்லம்மாளே தட்டைக் கீழே வைத்துவிட்டு முனையைப் பிடித்துத் தூக்கினாள். பாயிலும் இருந்தது, இப்போது துப்பட்டாவிலும் ஒட்டியிருந்தது, ரூபாய்க் காசு அகலத்துக்கு.

வீடு நின்றது. ஓடிக்கொண்டிருந்த பக்கத்துத் தறிகூட நின்றதா, இல்லை, காது அடைத்துக்கொண்டதா. செல்லம்மாள் ஆதிலட்சுமியின் பக்கமே திரும்பவில்லை, திரும்பவே இல்லை, அதுதான் இப்போது நினைத்தாலும்... சந்தேகப்படுகிற பட்டியலிலேயே தான் இல்லை, நின்றுபோனவள். சஸ்மிதா இவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி, அவ்வளவுதான், ஒரு இழை முறுக்குகிற நேரம். ஆதிலட்சுமி ஒரு இழையை முறுக்கினாள். சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும். வாயில் எச்சில் இல்லை, அதெல்லாம் சாக்கு, எச்சில் இருந்தது, விழுங்கினாள். தெரு முழுக்க எட்டு வீட்டில் ஐப்பசி வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள், காத்தவராயனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகி ஆலைக்குப் போய் இருபது நாளாகிறது, கலையரசி போளூர் துணிக்கடையில் நிற்கிறாள்... இவ்வளவும் அந்த ஒரு முறுக்கில் ஓடியதா, இல்லை, ஒன்றும் ஓடவில்லை, வெறுமனே பயந்தாள், காரணங்களைப் பிற்பாடு சேர்த்துக்கொள்கிறாள்.

"தெரியாம ஆயிடுச்சி அம்மா" என்றாள் சஸ்மிதா.

செல்லம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சின்னக் குரலில், ஊர் விட்டு ஊர் வந்த பொண்ணாச்சேன்னுதான் உள்ள விட்டேன், கேட்டேனே, வாசல்லயே கேட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சங்கீதாவையே உட்கார வச்சிருப்பேனே என்றாள், கண்ணில் நிஜமாகவே தண்ணீர், மூத்தவளை நினைத்துக்கொண்டாள் போல. அந்த அழுகையை ஆதிலட்சுமியால் குறை சொல்ல முடியவில்லை, அது பொய் இல்லை. புடவை தறியிலிருந்து இறங்கிக் கல்யாணம் முடிகிற வரைக்கும் இந்த வாசற்படி மிதிக்காதே, தாருக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன் என்றாள். சஸ்மிதா துப்பட்டாவை உருண்டையாகச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு கொல்லை வழியாகப் போனாள், முன்வாசல் வழியாகப் போகக் கூடாதாம். செருப்பு முன்வாசலில் கிடந்தது. சங்கீதா அதை எடுத்துக்கொண்டு சந்து சுற்றிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பாயை உருவினார்கள். ஆதிலட்சுமி இடத்தை விட்டு நகராமல் முட்டி மட்டும் போட்டு எழுந்த கணம் உயிர் கையில் இல்லை, எல்லார் கண்ணும் பாயில் இருந்ததால் பிழைத்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், பாவின் மேல், தறியின் மேல், அவள் தலையிலும் நாலு துளி. சாக்கை மடித்துப் போட்டார்கள், உட்கார்ந்தாள். "நல்ல வேளை நீ இருக்கிற ஆதி, உன் கை நூல்ல இருக்கிற வரைக்கும் எனுக்குப் பயம் இல்ல" என்றாள் செல்லம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தத் துளி மஞ்சள் தண்ணீர் காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

சஸ்மிதா இருந்த இடத்தில் சங்கீதா உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள், பழக்கமில்லாத விரல், இரண்டிரண்டாக வந்தது. கல்லூரி படித்த பெண், வேலூரில் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிறாள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் ஆதிலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படிக்குப் போனதும் தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, எனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒண்ணும் ஆகாது, அதெல்லாம் சும்மா, நீ பாட்டுக்கு இரு என்றாள் ஆதிலட்சுமி. சொன்ன குரல் தன்னுடையதாக இல்லை, பூசாரி குரல் மாதிரி இருந்தது, அதை அந்தப் பெண் நம்பிவிட்டாள், அடுத்த இழை சரியாக ஒற்றையாக வந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டிருக்க வேண்டும், குடிப்பானா, கை நீட்டுவானா, விசாரித்தீர்களா என்று, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதை இந்த வீட்டில் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை, எல்லாரும் பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக்கூடக் கேட்கவில்லை அவள். நடு வந்தது. கற்பூரம் காட்டினார்கள். குங்குமச் சிமிழைச் செல்லம்மாள் அவள் முன்னால் நீட்டி, உன் கையாலயே வச்சுடு ஆதி என்றாள், சங்கீதா கண்ணை மூடி நெற்றியை நீட்டினாள், சின்னக் குழந்தை மாதிரி. வைத்தாள். விரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள், நடுங்கவில்லை, நன்றாக, வட்டமாக, வழக்கம் போலவே வைத்தது. இழைகளும் அப்படித்தான், வந்த பிறகு முறுக்கியவற்றை ஒரு தரம் நீவிப் பார்த்தாள், ஒன்றும் விட்டுப்போகவில்லை, முன்னால் முறுக்கியவற்றுக்கும் பின்னால் முறுக்கியவற்றுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதைப் பார்த்து நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, வேறு ஒன்று வந்தது. நூல் அறுந்திருந்தால், விரல் நடுங்கியிருந்தால், ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள், இனிமேல் சொல்கிறதாக இருந்தால் அவளாகத்தான் சொல்ல வேண்டும்.

வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, கூலி எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், முன்வாசல் வழியாக வெளியே வந்தாள், ஆவணி வெயில் கண்ணைக் குத்தியது. மருந்துக் கடையில் நின்று, கேட்க வாய் வராமல் கையால் காட்டினாள். கடைக்காரப் பையன் அதை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, சுற்றியதைக் கறுப்புப் பையில் போட்டு, வெடிகுண்டைத் தருகிற மாதிரி நீட்டினான். ஆலைப் பக்கம் போகிற தெரு முனையில் கால் கொஞ்சம் நின்றது, சஸ்மிதாவின் வீடு அங்கேதான், நாலாவது கதவு. போய் என்ன சொல்வது, மன்னிச்சுக்கோ என்றா, அவளிடம் சொல்லி என்ன, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டாள்... பெரிய மனசா? இருக்கலாம். இல்லை, நான் இல்லை, இந்த அக்காதான் என்று ஒரு ஒரிசாக்காரி சொன்னால் அந்த வீட்டில் யார் நம்புவார்கள் என்று தெரிந்துவைத்திருக்கிறாள், அதுதான் கண்ணில் இருந்தது, இப்போது புரிகிறது, நான் சொல்லட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை, அவள் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால்தான் உண்டு என்றுதான் பார்த்தாள். ஆதிலட்சுமி தெருவுக்குள் திரும்பவில்லை. வயிறு மறுபடியும் இழுத்தது. நாளைக்குக் காலையில் மீதிப் பாதி, செல்லம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டுக் காத்திருப்பாள், வா ஆதி என்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது: பாயில் பட்டது என்னுது அக்கா, சஸ்மிதாவுது இல்ல.